சந்தனம் வைத்த ரேம்

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு வீட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த கணினி, மறுநாள் காலை போட்டபோது ஓடவில்லை.

நீளமாகக் கத்தியது. நின்று, மறுபடி கத்தியது.

புதன்கிழமை அந்த வீட்டுக்காரி அதைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தாள்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே எல்லாவற்றிலும் சந்தனம். காற்றாடியில் ஒரு பொட்டு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பொட்டு. கணினியின் நினைவகமான இரண்டு ரேம் பட்டைகளிலும், தங்க நிறப் பற்களின் மேலேயே, நடுவில் குங்குமம்.

“ஏனுங்க்கா, மொட்டை ஒண்ணுதானுங்க நீங்க இதுக்கு அடிக்கல.”

அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் கடைக்காரர்கள்தான். வீட்டில் அவள் ஐம்பத்தெட்டு வயதிலும் தங்கை.

பூஜை வேலையெல்லாம் போன வருடம் வரை அக்காவுடையது. மானிட்டர் விளிம்பில் ஒரு பொட்டு வைப்பாள். அதோடு சரி.

சித்திரையில் அக்கா இறந்தாள்.

இந்த முறை தங்கை தனியாகச் செய்தாள். எதையும் விட்டுவிடக் கூடாது என்று பட்டது. பெட்டியைக் கழற்றி, ஒவ்வொன்றையும் உருவி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினாள்.

அவளுக்கு வேண்டியது கணினியைப் போட்டதும் வரும் முதல் திரை.

அதில் இரண்டு பெயர்கள். மேலே மரகதம், அது அக்கா. கீழே சுலோசனா, அது அவள்.

அலுவலகம் விட்டு வந்ததும் ஆறு முதல் ஏழு வரை அக்கா உட்காருவாள். ஏழுக்கு மேல் அவள். ஒருவருடையதை இன்னொருவர் திறந்ததில்லை; பாஸ்வேர்டும் தெரியாது.

சித்திரைக்குப் பிறகும் ஆறு மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏழு அடித்த பிறகுதான் வந்து தன் பெயரைத் திறப்பாள்.

கடைக்காரர் பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்தார்.

ஒரு பட்டை பிழைத்தது. மற்றது பிழைக்கவில்லை.

பிழைத்ததன் ஸ்டிக்கர் ஈரத்துணியில் அழிந்துபோயிருந்தது. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்தார்.

“கடைசில ஆறுன்னு போட்டிருக்குது பாருங்க. அப்ப வேகம் முந்நூத்தி முப்பத்தி மூணு. அஞ்சுன்னு இருந்தா நானூறு. நெம்பர் கம்மியானா வேகம் ஜாஸ்தி.”

அதற்கு ஜோடி தேடி ஒரு டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். பழைய பட்டைகள். அடியில் உள்ள வெட்டு கொஞ்சம் தள்ளியிருந்தவற்றைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கினார். அவை பிந்திய காலத்தவை, செருகவே முடியாது.

வெட்டு சரியாக இருந்தவை மூன்று.

முதலாவதற்குக் கணினி கத்தியது. இரண்டாவதற்குத் திரையே வரவில்லை. மூன்றாவதை ஏற்றுக்கொண்டது போலிருந்தது. பாதியில் உறைந்தது.

“கல்யாணத்துக்குக்கூட இத்தன பொருத்தம் பாக்கறதில்லீங்க்கா.”

அவளுக்கு யாரும் பார்த்ததில்லை. அக்காவுக்கும் பார்த்ததில்லை.

பிழைத்த ஒன்றை மட்டும் செருகிப் போட்டார்.

வந்தது.

மரகதம். சுலோசனா.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கடைக்குள் வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

அதற்கு மேல் கணினி நகரவில்லை. கடைக்காரர் காத்திருந்தார். மவுஸை ஆட்டிப் பார்த்தார். அணைத்துப் போட்டார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

“ஒரு ரேமு, ரெண்டு பேரு. இழுக்க மாட்டேங்குதுங்க. ஒண்ண எடுத்துட்டா ஓடிரும்.”

“ரெண்டும் இருக்கட்டுமே.”

“இருக்கட்டுங்க, எனக்கென்ன. இப்படியேதான் நிக்கும். நாளைக்கு இந்தத் திரையும் வருமான்னு சொல்ல முடியாது.”

“புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா?”

“இதுக்குப் புதுசு வர்றதில்லீங்க்கா. பழசுதான். பழசு எங்கிட்ட இவ்ளோதான்.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இதுல நீங்க யாருங்க்கா?”

அவள் இரண்டு பெயர்களையும் பார்த்தாள். கீழே உள்ளதற்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். கொஞ்சம் பாட்டு. பாதியில் விட்ட ஒரு சீட்டாட்டம். மேலே உள்ளதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது.

“மரகதம்” என்றாள்.

“அப்ப சுலோசனாவ எடுத்தர்லாமுங்களா? யாராச்சும் பாக்கறாங்களா அத?”

“இல்லைங்க.”

அவர் வேறு வழியாக உள்ளே போனார். உறுதிதானா என்று கணினி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

அணைத்து, மறுபடி போட்டார். திரை சீக்கிரமே வந்தது. ஒரு பெயர்.

“பாஸ்வேர்டு போடுங்க்கா. உள்ள போய்ப் பாத்தர்லாம்.”

“வீட்டுல போய்ப் போட்டுக்கறேன்.”

“மறந்துட்டீங்களாட்ட இருக்குது.” சிரித்தார். “பாஸ்வேர்டையும் எடுத்துர்றனுங்க. ஒரு நிமிஷ வேலை.”

“வேண்டாம்ங்க. அது இருக்கட்டும்.”

கடைக்காரர் திருகுகளை முடுக்கிப் பெட்டியை மூடினார். போர்வையில் சுற்றிக் கொடுத்தார். கணினி ஓடும் நிலையில் இருந்தது.