இடிக்க அனுமதி

"ஐயா, உங்க வீட்டை இடிக்க அனுமதி வந்திருக்கு. இடிக்கறதுக்கு ஆள் பேசிட்டீங்களா?"

அன்றைக்கு அது அவளுடைய முப்பத்தெட்டாவது போன். தொண்டை கட்டிப் போயிருந்தது.

மறுமுனையில் ஒரு பெரியவர்.

"எந்த வீட்டைம்மா?"

கம்ப்யூட்டரைப் பார்த்து விலாசத்தை வாசித்தாள்.

"அது நான் குடியிருக்கற வீடாச்சே."

அவள் திரையை மறுபடி பார்த்தாள். விண்ணப்பித்தவருக்கு வயது நாற்பத்திரண்டு. பேசுகிற குரலுக்கு எண்பதாவது இருக்கும். ஆக, எழுதிக் கொடுத்தது மகன். போன் நம்பர் மட்டும் பழைய வீட்டு வரிப் பதிவிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. ராங் நம்பர். வேற தெருவுக்குப் பேச வேண்டியது."

"அப்படியா? சரிம்மா."

வைத்துவிட்டார். திரும்பினால் மேனேஜர் நிற்கிறார்.

"இடிக்கற கேஸ் லேசுல கிடைக்குமா? கைக்கு வந்ததை நீயே தள்ளிவிட்டுட்டியே."

"எழுதிக் கொடுத்தது மகன் சார். அவருக்கு விஷயமே தெரியாது."

"நீ சொல்லு. எப்படியும் ஒரு நாள் தெரியத்தானே போகுது?"

"என்னால முடியாது சார்."

அவள் வேலை இதுதான். காலையில் கட்டட அனுமதிப் பட்டியலைத் திறந்து, யார் புதிதாகக் கட்டுகிறார், யார் மாடி எடுக்கிறார், யார் இடிக்கிறார் என்று பார்ப்பாள். கூப்பிட்டுப் பேசி, 'சரி, ஆளை அனுப்புங்க' என்று சொல்ல வைப்பாள். அந்த விலாசம் காண்ட்ராக்டருக்குப் போகும். ஆபீஸில் அதற்கு லீட் என்று பெயர். மாதம் முப்பது லீட் தர வேண்டும்.

அன்றைக்கு மாதக் கடைசி. அவள் கையில் இருபத்தொன்பது. போன மாதமும் ஒன்று குறைந்திருந்தது. இந்த மாதமும் குறைந்தால் நாளைக்கு வர வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"அப்பன் வேண்டாம்னா பிள்ளையைப் பிடி. அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்," என்றார் மேனேஜர்.

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மகனின் செல் நம்பர் கிடைத்தது. லீட் கேட்கத்தான் கூப்பிட்டாள். வாய் வேறு பேசியது.

"பெத்த அப்பா குடியிருக்கற வீடு சார். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இடிக்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

திட்டிவிட்டு வைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். வைக்கவில்லை.

"அப்பா எடுத்தாரா? சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன்."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க." என்றான். "வீடு என் பேர்லதான் இருக்கு. ஆனா கட்டினது அவர். அவர் கொத்தனார். ஒவ்வொரு செங்கல்லும் அவர் கையால வெச்சது. மூணு மாசம் முன்னாடி தேதி பார்க்கலாம்னு மேற்குச் சுவர்ல இருந்த காலண்டரைத் தூக்கினேன். பின்னால கை நுழையற அளவுக்கு விரிசல். அவர் வெளியே போனப்போ இன்ஜினீயரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அடுத்த மழைக்குத் தாங்காதுன்னுட்டார்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க கட்டின சுவர் நிக்காதுப்பான்னு அவர் மூஞ்சியைப் பார்த்து எப்படிங்க சொல்றது? மூணு மாசமா வேலை விட்டுப் போறப்போ தினம் அங்க போய் உக்கார்றேன். மழை வருமா வராதான்னு பேசிட்டு எழுந்து வந்துடறேன். அவர்கிட்ட சொல்ற வரைக்கும் ஆள் யாரும் வேண்டாம்ங்க. தப்பா நினைக்காதீங்க."

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் சார்," என்று வைத்தாள்.

நாலே முக்காலுக்கு டிபன் டப்பாவையும் குடையையும் பையில் போட்டாள். மேஜையில் தன்னுடையது என்று இருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டாள். நாளைக்கு வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

போன் அடித்தது.

"ராங் நம்பர்னு சொன்ன பொண்ணுதானே?"

பெரியவர்.

"ஆமாங்க ஐயா."

"இந்த வாரத்துல நீ ஆறாவது ஆளும்மா. மத்த அஞ்சு பேரும் நான் இடிக்கறேன், நான் இடிக்கறேன்னு போட்டி போட்டாங்க. நீ ஒருத்திதான் எனக்காகப் பொய் சொன்னே. அதான் கூப்பிடணும்னு தோணுச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஐயா?"

"தெரியும். பையன் தினம் வந்து உக்கார்றான். மழையைப் பத்திப் பேசறான். சொல்ல வாய் வராம தவிக்கறான். அவனா சொல்லட்டும்னு நானும் மழையைப் பத்தியே பேசிட்டிருக்கேன். நீ அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே."

"மாட்டேன் ஐயா."

"ஆள் வேணுமான்னு கேட்டியே, எழுதிக்கோ. அவன் சொன்ன மறுநாளே வரட்டும். நிதானமானவனா அனுப்பு. மேற்குச் சுவர்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு. தொட்டா ஆள் மேலேயே சாய்ஞ்சுடும்."

எழுதினாள். முப்பது.

"மேற்குச் சுவரைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னாங்க ஐயா?"

"நான் கட்டின சுவரு, எனக்கு யாரும்மா சொல்லணும்? விரிசல் விட்டு நாலு வருஷமாச்சு. பையன் பார்த்தா அவன் தூக்கம் போயிடுமேன்னு நான்தான் அது மேல காலண்டரை மாட்டி வெச்சேன்."