ஸைத்தூன் தடவிய தட்டு

துறைமுகத்தில் கப்பலொன்று ஊத, ஆய்வுகூடத்து யன்னல் கண்ணாடி அதிர்கிறது. பஸ்மியா நிமிரவில்லை. அவள் முன்னால் கிருமி வளர்த்துப் பார்க்கும் இரண்டு வட்டத் தட்டுகள். இரண்டிலும் இருப்பது ஒரே இரத்தம். மேல்மாடி வார்ட்டில், எந்த மருந்துக்கும் இறங்காத காய்ச்சலோடு கிடக்கும் பிறந்து பதினாறு நாளான குறைமாதக் குழந்தையின் இரத்தம். முதல் தட்டில் ஐந்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாவதில், மக்காவுக்கு உம்றா போன மாமி கொண்டுவந்த ஸைத்தூன் எண்ணெயை, அதாவது ஒலிவ் எண்ணெயை, மூன்று நாளுக்கு முன் அவளே தடவி வைத்தாள். "இது பரிசோதனையோ அக்கா, சலாட்டோ?" என்று அன்றைக்கு நக்கலடித்த ஆய்வுகூட உதவியாளன் டிலுக்ஷன், இப்போது அவள் தோளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். சாய்ந்து விழும் வெயிலில், எண்ணெய்ப் பளபளப்புக்குள் ஊசிமுனையளவு வெண்புள்ளிகள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கழுத்து நீண்ட போத்தல்களைப் போல மதுவங்கள், ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள். தமக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தாமே செய்துகொள்ள முடியாமல், குடியேறிய உடம்பிலிருந்து எடுத்துத் தின்னும் இனம். அவள் விரல்கள் தொலைபேசியில் வார்ட்டின் இலக்கத்தை ஒருமுறை பிழையாக அழுத்தி, மறுபடி அழுத்துகின்றன. "டொக்டர், பிள்ளைக்கு ஏறுற அந்த வெள்ளைக் கொழுப்பு டிரிப்பை இப்பவே நிப்பாட்டுங்க." "என்ன கதை இது பஸ்மியா? பிள்ளைட சாப்பாடே அதுதான். நிப்பாட்டினா நிறை விழுந்திடும்." "ஓம் டொக்டர். ஆனா கிருமிக்கும் அதுதான் சாப்பாடு." மறுமுனையில் ரிசீவர் மேசையில் விழுகிறது. அதற்குப் பிறகு ஓடும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.