உருளாத பந்து

"மிஸ், என் பந்து உருளவே மாட்டேங்குது!"

மூன்றாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. இரட்டைச் சடைக்காரி நீட்டிய தாளில் இருந்தது பந்தில்லை, வெறும் வட்டம்.

பாடம் நடத்திக்கொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வந்திருக்கிறாள். தேறினால் ஓவிய ஆசிரியை வேலை. ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் கைவிரித்தாயிற்று. போதாக்குறைக்கு, மார்க் போடச் சொல்லி தலைமையாசிரியை விட்டுப்போன கண்ணாடிக்காரர் கடைசி பெஞ்சில் கடுகடுவென்று உட்கார்ந்து, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜன்னலோர மேஜைமேல் ஒரு பந்தை வைத்தாள்.

"பாதிக் கண்ண மூடிட்டுப் பாருங்க. வெளிச்சம் எங்க விழுது?"

"ஜன்னல் பக்கம், மிஸ்!"

"அந்த இடத்துல பென்சிலே படக்கூடாது. அங்கேர்ந்து தள்ளிப் போகப் போக, பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க. மேஜையில நிழலும் வேணும். இல்லன்னா பந்து அந்தரத்துல தொங்கும்."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"நிழல்ல எந்த இடம் ரொம்பக் கருப்பா இருக்கணும்?"

அவளுக்குத் திக்கென்றது. மடக்கத்தான் கேட்கிறார்.

"பந்து மேஜையைத் தொடற இடம், சார். தள்ளிப் போனா வெளிறிடும்."

அவர் தலையைக்கூட அசைக்காமல் குறித்துக்கொண்டார்.

போனால் போகிறது என்று அவரை மறந்துவிட்டு, பிள்ளைகளோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். சின்னச் சின்ன விரல்களைப் பிடித்துத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தாள். மணியடித்தபோது எல்லாக் கன்னத்திலும் பென்சில் கரி. ஒருவனுக்கு மூக்கு நுனியிலும். "இன்னொண்ணு வரையலாம் மிஸ்!" என்று ஒரே கூச்சல்.

தலைமையாசிரியை வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இவங்களைச் சேர்த்துக்கலாமா?"

"இன்னிக்கே சேர்த்துக்கங்க மேடம்!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியை நகர்ந்ததும் கண்ணாடிக்காரரிடம் போனாள்.

"ரொம்ப நன்றி சார். நீங்க கேள்வி கேட்டதும், என்னை மடக்கறீங்கன்னு பயந்தே போயிட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மடக்கறதா? நான் கணக்கு வாத்தியாரும்மா. மூணு வருஷமா டிராயிங் கிளாஸையும் என் தலையில கட்டிட்டாங்க. நான் கேட்டது நிஜமாவே எனக்குத் தெரியாமத்தான்!"