சுவரில் மூணு கோடு

“மூணு கோடு பளிச்சுனு கீது. இத நீ பண்லன்னு சொல்லு நைனா, பாக்கலாம்!”

வெற்றிச்செல்வன் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். போன தடவை வந்தபோது அவனே அடித்துவிட்டுப் போன வெள்ளைப் பெயிண்ட். அதன்மேல் இடுப்பு உயரத்துக்கு, விரலால் இழுத்த செம்மண் கோடு மூணு. பாய் விரிக்கும் இடத்தில் தொடங்கி அடுப்படி வாசல் வரைக்கும் போயிருந்தது.

மாதையன் வலது கையைத் துண்டுக்குள் மறைத்தார். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை. சாமை அறுக்கும்போது அரிவாளோடு போய் முப்பது வருஷம் ஆகிறது. சுவரில் இழுத்தால் மூணு கோடுதான் விழும்.

“நாந்தான். அதுக்கு இன்னா இப்ப?”

“இன்னாவா? மூணு மாசத்துக்கு ஒரு தபா போளூர்லேர்ந்து வந்து பெயிண்ட் அடிக்கிறதுதான் எனக்கு வேலையா? சின்னக் கொழந்தகூட இப்டி அழுக்குப் பண்ணாது.”

“மண்ணு அழுக்கா? நீ மண்ணு தரையிலதான்டா பொறந்த. பெயிண்ட் டப்பாவுலயா பொறந்த?”

அடுப்படியிலிருந்து செல்லியம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எளச்சதில்ல. வந்தவனுக்கு மொதல்ல தண்ணி மொண்டு குடுங்க.”

“சிரிக்காதம்மா. இவருக்குப் புத்தி மழுங்கிப்போச்சு. இத பாரு நைனா, இன்னொரு தபா இந்தச் சுவத்துல மண்ணப் பாத்தேன், வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் போளூருக்குக் கூட்டினு போய்டுவேன்.”

போன பொங்கலுக்கு மகன் வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். செல்லியம்மாள் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ் மலையேறி, காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். மகனோ சொன்னால் செய்கிறவன். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று மாதையனுக்குத் தெரியும்.

மத்தியானமே வெற்றிச்செல்வன் மறுபடி பெயிண்ட் அடித்து முடித்தான். சுவர் வழவழவென்று வெளுத்துப்போனது.

சாயங்காலம் மூவரும் பலா மரத்தடியில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தார்கள். மகனுக்குக் கோபம் ஆறியிருந்தது.

“பழைய வூட்டுச் சுவரு நெனப்பு கீதாம்மா? பொங்கலுக்குப் பொங்கல் நீதான் செம்மண்ணு பூசுவ. உன் கைத்தடம் அலை அலையா இருக்கும். அதுல விரல வெச்சுக்கினேதான் நான் தூங்குவேன்.”

“அது மழையில வுழுந்தப்ப, தொலஞ்சுது சனியன்னு சொன்னவனும் நீதான்” என்றார் மாதையன்.

“நீ சும்மா இரு நைனா. ஏம்மா, நாம தேன் எடுக்கப் போவோமே! தேனீ தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புனா போதும், அது போற போக்க வெச்சே எந்தப் பாறையில கூடுன்னு சொல்லிடுவ. ஊர்ல எந்த ஆம்பளைக்கும் அந்தக் கண்ணு கெடையாது. அதோ, ஒண்ணு போவுது பாரு. எந்தப் பாறைக்குமா?”

செல்லியம்மாள் முகத்தை உயர்த்தினாள். “எங்க போவும்? கெழக்கால பாறைக்குத்தான்.”

வெற்றிச்செல்வன் டம்ளரைக் கீழே வைத்தான். தேனீ போனது மேற்கே.

“போதும் பழங்கதை. பனி எறங்குது” என்று மாதையன் எழுந்து மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கினார். “முட்டி வலி அவளுக்கு” என்றார், யாரும் கேட்காமலே.

மறுநாள் விடியலில் மாடு கட்டப் போனவர், முதல் பஸ்ஸின் சத்தம் கேட்டு ரோட்டுக்கு வந்தார். மகன் பையோடு நின்றிருந்தான்.

“கை ஏன்டா ஈரமா கீது?”

“கழுவினேன்.”

அவர் முகத்தைப் பார்க்காமலே பஸ்ஸில் ஏறினான்.

பஸ் வளைவில் மறைந்ததும் மாதையன் ஒரு சட்டி செம்மண்ணைக் குழைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போளூரோ கீளூரோ, அவன் அடுத்த தபா வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

“செல்லி, எழுந்திரிக்காத!” வாசலிலேயே குரல் கொடுத்தார். “நான் பூசி முடிக்கிற வரைக்கும் அப்டியே இரு. கண்ணு தெரியாம எங்கனா முட்டிக்கப்போற.”

“நான் குழாயாண்ட கீறேன்” என்று கொல்லையிலிருந்து பதில் வந்தது. “எப்ப பூசினீங்க? இந்தத் தபா இதுவரைக்கும் இழுத்துட்டீங்களே!”

டாக்டர் கைவிரித்து இரண்டு வருஷம். அடுப்படியைத் தாண்டி அவள் தனியாகப் போனதே இல்லை. மாதையன் சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

வெள்ளைச் சுவரில் செம்மண் ஈரம் காயாமல் இருந்தது. பாயில் தொடங்கி, அடுப்படி தாண்டி, கொல்லைக் கதவு தாண்டி, வெளிச்சுவரோடு குழாயடி வரைக்கும் போயிருந்தது.

மாதையன் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சுவரில் நாலு கோடு இருந்தது.