ஜன்னலோரத்து சிக்னல்

கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்கான கார்டை, புதிதாக ஏற்றிய லினக்ஸ் இயங்குதளம் ஒருவழியாக அடையாளம் கண்டுகொண்டது. கார்டு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிப் பிடித்துப் போடுவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஆனாலும் சிக்னல் 42-ஐத் தாண்டவில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கேபிளை மாற்றினேன். டிரைவர் மென்பொருளை மறுபடி ஏற்றினேன். ஜன்னலில் இருந்த ஆண்டெனாவை எல்லாப் பக்கமும் திருப்பினேன். அதே 42.

அப்பா இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அம்மாவின் தொடர் முடியும்வரை ஜன்னலோரம் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் நின்றால் சிக்னல் 91. கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தால் 63.

"எந்திரிங்க, ஒரு மூஞ்சியும் தெரியல" என்று அம்மா விரட்டுவாள்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது.

"என்னால முடியலம்மா. விட்டுடலாம்" என்றேன்.

"தொடர் அஞ்சு மணிக்குத்தானே? இருடா" என்றாள்.

ஐந்து மணிக்கு சிக்னல் 91 ஆனது. படம் பளிச்சென்று தெரிந்தது. நான் எதையும் தொடவில்லை. ஜன்னலருகே யாரும் இல்லை. அணைத்துவிடலாமென்றால் கை வரவில்லை.

அம்மா தொடரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் பாத்தது போதும். உக்காருங்க" என்றாள்.

படம் உடைந்தது. சிக்னல் 63.