மாஜிஸ்திரேட் இல்லாத தடியடி

கான்ஸ்டபிள் எத்திராஜுக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. லத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

“இன்னாய்யா நின்னுட்டே? அடி!” பின்னாலிருந்து கத்தினார், புதிதாக ஜெயித்த சட்டசபை மெம்பர் வேதாசலம்.

“மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லீங்களே.”

“உத்தரவு இன்னாய்யா உத்தரவு? இப்போ கவர்மெண்டே நாங்கதான். சந்தைக் குத்தகை என் மச்சானுது. வேலை வேணுமா, வேணாமா?”

வேலை வேண்டும். குத்தகையை எதிர்த்துச் சைதாப்பேட்டைச் சந்தை வாசலில் மறியல் செய்த மீனவர்கள் அடி தாங்காமல் சிதறி ஓடினார்கள். அவர்களில் சவரி என்பவன் மட்டும் மெம்பரை நோக்கி வந்தான்.

“அண்ணே, நாந்தான்...”

எத்திராஜுக்கு ஆளைத் தெரிந்தது. லத்தி ஒரு கணம் தயங்கிவிட்டு அவன் முகத்தில் இறங்கியது. சவரி சுருண்டு விழுந்தான்.

“யார்ரா இந்தத் திமிர் புடிச்சவன்?”

“தெரியலீங்களா? வெள்ளைக்காரன் நாள்ல நீங்க கள்ளுக்கடை மறியல் பண்ணீங்களே, அன்னிக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டாரு, நாந்தான் அடிச்சேன். ஒங்க மேல குப்புறப் படுத்து அந்த அடியை வாங்கினவன் இவன்தாங்க. ஒரு கண்ணு அப்பவே போச்சு.”

மெம்பர் குனிந்து பார்த்தார். மிச்சமிருந்த கண்ணின் இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

சவரிக்கு மெம்பர் பட்ட கடன் இப்போது இரண்டு கண்.