கிளவுடுன்னா மேகந்தானுங்க?

அந்த ஆள் மறுபடியும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், பிரவுசருன்னு சொன்னீங்களே, அப்படின்னா என்னங்க?"

ஷெர்லினுக்கு அலுப்பாக வந்தது. சற்று முன்புதான், அப்ளிகேஷன் என்றால் எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தார்.

சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் எழுதுகிறவள் ஷெர்லின். ஏற்காட்டுக் காப்பி விவசாயிகள் சங்கம் ஒன்று கொள்முதலை இணையத்துக்கு மாற்றியதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தாள். சங்கச் செயலாளர் சந்திரசேகர் போன் செய்தார்.

"கட்டுரை நொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கலீங்க. ஒருக்கா மேல வந்து சொல்லிட்டுப் போயிருங்க."

அவர் கவலை அவருக்கு. இந்தப் பருவத்திலிருந்து, இணையத்தில் பதிவு செய்தவர்களிடம்தான் சங்கம் கொட்டை வாங்கும். மற்றவர்களுக்குப் பழையபடி வியாபாரி வைத்ததுதான் விலை.

வந்தாள். கட்டுரையில் எழுதியதையே மைக்கில் சொன்னாள். "இது கிளவுட்ல இயங்கற வெப் அப்ளிகேஷன். இன்ஸ்டால் தேவையில்லை. பிரவுசர்ல லாகின் பண்ணா போதும், டேட்டா தானா சிங்க் ஆயிடும்."

தலைச்சோலை, கரடியூர், வாழவந்தி என்று எல்லா ஊர்க்காரர்களும் தலையை ஆட்டினார்கள், இந்த ஒருவரைத் தவிர.

"போன்ல சினிமாச் செய்தி, பஸ் நேரமெல்லாம் தேடிப் பார்ப்பீங்கல்ல? அதுக்குள்ள போற வாசல்தான் பிரவுசர்," என்றாள்.

"அது எங்கிட்ட ஏற்கெனவே இருக்குதுங்களா?"

"எல்லார் போன்லயும் இருக்கு. புதுசா எதுவும் ஏத்த வேண்டாம்."

அவர் உட்காரவில்லை.

"கிளவுடுன்னா மேகந்தானுங்க? இங்க தெனமும் இறங்குதே, அதுலயா வெச்சிருக்காங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "பெரியண்ணா, உனக்கெதுக்கப்பா இந்த வேலை?" என்றது.

"மேடத்துக்குப் பஸ் இருக்குது. சித்த உக்காரு பெரியண்ணா," என்றார் சந்திரசேகர்.

பெரியண்ணன் நின்றுகொண்டே இருந்தார். பதில் சொல்லாமல் விடமாட்டார் போலிருந்தது.

"மேகமெல்லாம் இல்லீங்க," என்றாள் ஷெர்லின். "உங்க கணக்கு உங்க போன்ல இருக்காது. வேற ஊர்ல பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கும். அதுக்கு அப்படி ஒரு பேரு வெச்சுட்டாங்க."

"அப்ப போன் ஒடைஞ்சு போச்சுன்னா?"

"போனா போகட்டும். வேற போன்ல திறந்து பார்த்துக்கலாம்."

"சிங்க்குனீங்களே. அது பாத்திரம் கழுவற தொட்டிங்களா?"

மறுபடியும் சிரிப்பு. எத்தனை வருஷமாக ஷெர்லின் இந்த வார்த்தையை எழுதுகிறாள்! ஒரு தடவைகூட அதைத் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. புரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். இந்த மனுஷர் புரட்ட விடமாட்டேன் என்கிறார்.

மைக்கைக் கீழே வைத்தாள்.

"மூட்டை எடையை ஆபீஸ்ல பதிஞ்சா, அதே நேரம் உங்க போன்லயும் வந்துரும். ரெண்டு எடத்துலயும் ஒரே கணக்கு. அவ்வளவுதாங்க."

"அப்புறமா எடையைக் குறைச்சு எழுதினா?"

"உங்களுக்கு உடனே தெரிஞ்சுரும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சித்தன் என்ற விவசாயி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "எனக்குப் போட்டுக் குடுங்க மேடம்," என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஒவ்வொருவராகப் பதிந்து முடிப்பதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது.

பெரியண்ணனை மட்டும் காணவில்லை.

அவ்வளவு கேள்வியும் கேட்டு, பஸ்ஸையும் தவறவிட வைத்து, கடைசியில் பதியாமலே போய்விட்டாரே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வந்தாள். ஒரு பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"போனைக் குடுங்க. உங்களுக்கும் பதிஞ்சு தர்றேன்."

"எனக்கு வேண்டாமுங்க."

"இவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வரலீங்களா?"

"ஐயோ, அதில்லீங்க. நான் வண்டிக்காரனுங்க. தலைச்சோலைல இருந்து இவங்கள ஏத்திட்டு வந்தேன். எனக்கு ஒரு காப்பிச் செடிகூடக் கெடையாதுங்க."

ஷெர்லின் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு அத்தனை கேள்வி கேட்டீங்க?"

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற வழியெல்லாம் உங்க கட்டுரைய வெச்சுக்கிட்டு, அதென்ன இதென்னன்னு ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிட்டே வந்தாங்க. உங்க முன்னால உக்காந்ததும் ஒருத்தருக்கும் வாய் வரலீங்க. தோட்டங்காடு வெச்சிருக்கறவங்க, கேட்டா கௌரவம் போயிருமில்லீங்களா? வண்டிக்காரன் முட்டாளா இருந்தா யாருக்கு என்னங்க நட்டம்?"